ஊர்காவற்றுறை வரலாறும் அதனைக் காக்கும் வழியும்

வரலாறு என்றவுடன் அநுராதபுரமும் பொலனறுவையும் நல்லூரும் நினைவுக்கு வருதல் இயல்பு. அரண்மனை இருந்த இடத்திலேயே வரலாறும் இருந்தது என்றும், ஏனைய ஊர்களில் மக்கள் உழுதும் மீன்பிடித்தும் வாழ்ந்து மறைந்தனர் என்றும் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. தலைநகரங்களை வாழவைத்தவை துறைமுகங்களும் சந்தைகளும் குளக்கட்டுகளுமே. அவற்றையடுத்து எழுந்த சிற்றூர்களுக்கும் பட்டினங்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தேடுவார் இல்லாமையாலேயே அது இல்லையெனத் தோன்றுகின்றது.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலுள்ள ஊர்காவற்றுறை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இன்று அங்குச் செல்வோர் காண்பது அமைதியான ஒரு சிறு பட்டினமே. தேவாலயங்களும், பாடசாலைகளும், நீதிமன்றமும், மருத்துவமனையும், கடற்கரையில் வலை உலர்த்துவோரும், காரைநகரை நோக்கிய ஒடுங்கிய கடலின் நடுவே நிற்கும் பழைய கோட்டையும் அவர் கண்ணிற்படும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பேரரசன் இத்துறையின் பெயரைக் குறித்துச் சட்டஞ் செய்தான் என்பதை அங்கு நிற்பவர்க்கு எடுத்துச் சொல்லும் பொருள் எதுவும் அக்கரையில் இல்லை. அதனை அறிய விரும்புபவர் ஊரைவிட்டுப் புறப்பட்டு, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நயினாதீவை அடைதல் வேண்டும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் வளவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. அது பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. அவன் ஆட்சிக்காலம் 1153 முதல் 1186 வரை எனக் கொள்வர். கல்லின் தொடக்கப் பகுதி சிதைந்துள்ளதாயினும் ஆணையின் உட்பொருள் தெளிவாகவே உளது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா இக்கல்வெட்டை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார்.

அவ்வாணை கூறுவது இது: பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்குதல் வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும்; பல துறைகளிலிருந்தும் வணிகர் வந்து கூடுதல் வேண்டும். யானைகளும் குதிரைகளும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால், பொருளில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்திற்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வணிகப் பொருள் கொண்டுவரும் கலம் உடைந்தால் பாதி பண்டாரத்திற்கும் பாதி உடையவனுக்கும் உரியன.

இந்தச் சில வரிகளில் ஒரு துறைமுகத்தின் வாழ்வு முழுவதும் அடங்கியுள்ளது. ஊராத்துறை என்பதே ஊர்காவற்றுறையின் பழம்பெயர். அங்குப் பிறநாட்டுக் கலங்கள் வந்தன. அவற்றுட் சில ஆழமற்ற அக்கடலிற் கல்லிலும் மணற்றிட்டிலும் மோதி உடைந்தன. உடைந்த கலத்தின் பொருள் யாருக்குரியது என்னும் வழக்கு எழுந்தது. படைக்கு வேண்டிய யானையும் குதிரையும் அரசனுக்கு இன்றியமையாதன வாதலின், அவற்றைக் கொணரும் வணிகனுக்கு அவன் கூடிய சலுகை அளித்தான். இச்சட்டத்தின் சிறப்பு, பிற நாட்டு வழக்கோடு ஒப்புநோக்கும்போது விளங்கும். ஆந்திர நாட்டு மோட்டுப்பள்ளித் துறைமுகத்திற் காகதீய மன்னன் கணபதி 1244ஆம் ஆண்டு பொறித்த கல்வெட்டு, முன்னிருந்த அரசர்கள் புயலிற் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொருள் அனைத்தையும் கவர்ந்துகொண்டனர் எனக் குறிப்பிடுகின்றது. அவ்வழக்கை அம்மன்னன் மாற்றியமைப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்னரே, கலமிழந்த வணிகனுக்கு உரிய பங்கு இவ்வளவு என்று ஊராத்துறையில் வரையறை செய்யப்பட்டுவிட்டது.

சட்டம் பிறந்தது பொலனறுவை அரசவையில். எழுதப்பட்ட மொழி தமிழ். கடல்வழி வந்த வணிகருக்கும் துறையில் வாழ்ந்தோருக்கும் விளங்கவேண்டும் என்பதே அதன் நோக்கமாதல் வேண்டும். ஒரு சிறு துறையின் வரலாற்றைத் தேடப் புகுந்தவர், இலங்கையின் இரு மொழியினரும் கலந்து வாழ்ந்த காலமொன்றைக் கண்டு மீள்கின்றார்.

அக்கல்வெட்டில் இன்னுமொரு செய்தி உளது. ஆணையைக் கல்லிலும் செம்பிலும் பொறிக்குமாறு செய்ததாக அது கூறுகின்றது. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று நிலைக்கட்டும் என்று எண்ணியே அவ்வாறு செய்தனர் போலும். செப்பேடு இன்று கிடைத்திலது. கல் கிடைத்தது. அதுவும் துறையிலன்றி அயல் தீவொன்றிற் கிடைத்தது.

இரண்டாவது சான்றைத் தேடுபவர் கடல் கடந்து தமிழ்நாட்டுத் திருவாலங்காட்டுக்குச் செல்லல் வேண்டும். அங்குள்ள, சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டொன்றும் ஊராத்துறையைக் குறிப்பிடுகின்றது. பாண்டியர் அரசுரிமைப் போரிற் சோழரும் பராக்கிரமபாகுவும் எதிரெதிரே நின்ற காலம் அது. இலங்கை மன்னன் ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களிற் கப்பல்கள் கட்டிப் படை திரட்டுகின்றான் எனக் கேள்வியுற்ற சோழர், இலங்கை அரசுரிமை கோரி நின்ற சீவல்லவனைப் படையுடன் அனுப்பினர் என்றும், அப்படை இவ்விடங்களை அழித்து யானைகளைக் கவர்ந்து சென்றது என்றும் அக்கல்வெட்டு உரைக்கின்றது.

ஒரே மன்னன், ஒரே துறை. அவனது கல்லில் அது வணிகரை வரவேற்கும் வாயில். பகைவரது கல்லில் அது போர்க்கலம் கட்டும் களம். இரண்டையும் ஒருங்கே நோக்குபவர்க்கே துறையின் முழு உருவமும் புலப்படும். ஊரின் பெருமையை மட்டும் கூறும் சான்றை வைத்துக்கொண்டு, அதன் துன்பத்தைக் கூறும் சான்றைக் கைவிடுதல் வரலாறு ஆகாது.

அடுத்த சான்று ஊரின் பெயர். சிங்கள வழக்கில் இவ்வூர் ஊராதொட்ட என வழங்கும். பாளி நூலில் வரும் சூகரதித்த என்னும் துறை இதுவே என அறிஞர் சிலர் கருதுவர். ஊர்காவற்றுறை என்னும் தமிழ்ப்பெயர், ஊரைக் காக்கும் துறை எனப் பொருள் தந்து நிற்கின்றது. அதனைச் சுருக்கிக் காவலூர் என்று புலவரும் எழுத்தாளரும் வழங்கினர். காவலூர் இராசதுரை போன்றோர் அதனைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டனர். கப்பலிலிருந்து இறங்கும் மேடையைப் போர்த்துக்கேயர் தம் மொழியிற் கயிஸ் என்பர். அதன் வழியாகவே ஆங்கிலத்திற் கயிற்ஸ் என்னும் பெயர் நிலைத்தது. ஒரு பெயரைச் சிறிது அகழ்ந்து பார்த்தால் அத்துறைக்கு வந்து போனோர் அனைவரது காலடியும் அங்குப் பதிந்திருத்தலைக் காணலாம்.

யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் வசமாயிற்று. துறையைக் காப்பதற்காக அவர்கள் கரையில் ஒரு கோட்டையும், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள சிறு திட்டின்மீது ஒரு கோட்டையும் கட்டினர். 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கடற்கோட்டையை முற்றுகையிட்டனர். உள்ளிருந்தோர் குடிநீர் இன்மையாற் சரணடைந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை, நீரில்லாமல் வீழ்ந்தது. ஒல்லாந்தர் அதற்கு அம்மன்கீல் என்று பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதிப்பகுதி என்பது அச்சொல்லின் பொருள். தீவின் வடிவத்தைக் கொண்டு இட்ட பெயர் அது.

அக்கோட்டையின் பிற்கால வரலாறும் அறியத்தக்கது. ஆங்கிலேயர் காலத்தில் அது சிறைச்சாலையாகவும், பின்னர்த் தொற்றுநோயாளரை வைத்துப் பராமரிக்கும் இடமாகவும் இருந்தது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கைதானோர் அங்கு அடைக்கப்பட்டனர். பின்னர் அது கடற்படையின் பொறுப்பிற்கு வந்தது. ஒவ்வொரு காலத்திலும் ஏதோ ஒரு பயன் இருந்தமையால் அதன் சுவர்கள் பேணப்பட்டன. பயனற்றுப்போன கரைக்கோட்டையோ சிதைந்து, கற்குவியலாயிற்று.

ஒல்லாந்தர் தீவுகள் அனைத்திற்கும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் அமைந்த தீவு லைடன் ஆயிற்று, காரைநகர் அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஆர்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் டெல்வ்ற் என்பது ஒன்றே இன்றும் ஆங்கிலத்திற் பரவலாக வழங்குகின்றது. மற்றவை படங்களிலும் பத்திரங்களிலும் ஒடுங்கின. மக்கள் தம் வாயில் வைத்துக் காத்த பெயர்களே வென்றன. அரசு எழுதிவைத்தது அழிந்து, மக்கள் சொல்லிவந்தது நிலைத்தமைக்கு இது ஒரு சான்று.

யானை வாணிகமும் திசை மாறியது. பராக்கிரமபாகு காலத்தில் யானைகளை இத்துறைக்குக் கொண்டுவந்தனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஆனையிறவுக் கடல்வழியாக யாழ்ப்பாணத்திற்கு நடத்திவந்து, இந்திய வணிகருக்கு விற்று, இத்துறையிற் கப்பலேற்றினர். ஆனையிறவு என்னும் பெயரும் அந்நடையின் எச்சமே. யானைக்குப்பின் யாழ்ப்பாணத்துப் புகையிலை இத்துறைவழியாகத் திருவிதாங்கூருக்குச் சென்றது. பனைமரம் தென்னிந்தியாவுக்குச் சென்றது. அங்கிருந்து நெல்லும் அரிசியும் ஓடும் வந்தன. பாய்க்கப்பல் உடையோரும், தண்டையல்மாரும், கணக்கப்பிள்ளைமாரும், சுங்க அலுவலரும் நிறைந்த பட்டினமாய் இவ்வூர் விளங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கடற்போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் மிகுந்தன. சரக்கு இரயில்வழியும் லொறிவழியும் செல்லத் தொடங்கிற்று. தாம்போதிகள் தீவுகளை நிலத்தோடு இணைத்தன. துறை ஓய்ந்தது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள் அளவிற் பெரியன. நிலவுடைமையைப் பதிந்த தோம்புகளும், பாடசாலை ஆசிரியர்கள் வைத்த ஞானஸ்நான, விவாகப் பதிவுகளும் அவற்றுள் முதன்மையானவை. தோம்பிற் காணியின் பெயரும் உடையவன் பெயரும் செலுத்தவேண்டிய வரியும் இருக்கும். சாதாரண உழவனும் கடற்றொழிலாளியும் பெயர்சொல்லி அழைக்கப்படும் ஏடு அதுவே. அப்பதிவுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திற் பேணப்படுகின்றன. கொழும்பு, ஹேக், சென்னை, யகார்த்தா, கேப்ரவுண் ஆகிய நகரங்களில் உள்ள ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சுவடிகளை 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்த்தது. ஆதலின் ஊர்காவற்றுறையின் வரலாற்றில் ஒரு பகுதி ஊர்காவற்றுறைக்கு வெளியே, தொலைவிலே காக்கப்பட்டிருக்கின்றது.

இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் இவ்வூரை அடுத்த கரம்பொன்னிற் பிறந்த ஒருவர். 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளார், ஐரோப்பிய நூலகங்களிற் புகுந்து பழைய தமிழ் அச்சுநூல்களைத் தேடினார். 1554ஆம் ஆண்டு இலிசுபனிற் பதிப்பித்த தமிழ்ச் சமய நூலைப் பற்றித் தமிழுலகம் அறியச் செய்தார். அந்தாம் தெ புறோயென்சா தொகுத்து 1679ஆம் ஆண்டு வெளியான தமிழ் போர்த்துக்கேய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரிற் பதிப்பித்தார். தமிழ்மக்கள் மறந்துபோன நூலை அயலார் அலமாரி ஒன்று முந்நூறு ஆண்டுகளாகக் காத்திருந்தது. சென்று தேடிய ஒருவரால் அது மீண்டது.

இனி, வெளியே எந்தக் காப்பகத்திலும் இல்லாதவை எவை? அவை ஊருக்குள் மட்டும் இருப்பவை. பாய்க்கப்பலில் நாகபட்டினம் சென்று மீண்ட பாட்டனார் பேரனுக்குச் சொன்ன செய்தி, கடலின் எந்தப் பகுதியிற் கல், எந்தப் பகுதியிற் சேறு என்று கடலோடிகள் இட்ட பெயர்கள், ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் வயலுக்கும் வழங்கிய பெயர்கள், குடும்பங்களின் பழைய உறுதிகள், கப்பற் கணக்குகள், கோயில்களினதும் தேவாலயங்களினதும் வரவு செலவுக் குறிப்புகள், பாடசாலைகளின் சேர்விடாப்புகளும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும். பழைய சம்பவத்திரட்டு ஒன்றைப் புரட்டுபவர், கொள்ளைநோய் பரவியதால் பாடசாலை மூடிய நாளையும், மழைக்காலத்தில் வள்ளம் வராது ஆசிரியர் தாமதித்த நாளையும், புதிய கட்டிடத்திற்கு ஊரார் பனஞ்சலாகை கொடுத்ததையும் அங்குக் காணக்கூடும். பெரிய நூல்கள் எவையும் அச்செய்திகளைத் தரமாட்டா.

இவை அழிவதற்குப் பகைவன் வரவேண்டுவதில்லை. செல்லும் உப்புக்காற்றும் போதும். வீடு வெள்ளையடிக்கும் நாளில் ‘பழங்கடதாசி’ என்று ஒதுக்கும் ஒரு கையும் போதும். பகையும் வந்தபோது அழிவு மேலும் விரைந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அச்சுநூல்களுக்கு வேறு படிகள் உலகில் எங்கேனும் இருத்தல் கூடும். ஒரேயொரு படியாய் அங்கிருந்த ஏட்டுச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் திரும்ப வருமாறு இல்லை. 1990ஆம் ஆண்டுக்குப்பின் போர் காரணமாகத் தீவுப்பகுதி மக்களுட் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினர். கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். பெட்டகத்தில் இருந்த உறுதிகளும் சுவரில் தொங்கிய படங்களும் பல வீடுகளில் அப்படியே நின்றுவிட்டன. கூரை வீழ்ந்தபோது அவையும் வீழ்ந்தன. ஊரின் பழமையை அறிந்த முதியோர் வேற்றூரிலும் வேற்று நாட்டிலும் கண்மூடினர்.

இவ்விழப்புகளையும் முன்கூறிய சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு பாடம் தெளிவாகும். நிலைத்தவை எவை? ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட வடிவில் இருந்தவை. அழிந்தவை எவை? ஓரிடத்தில் மட்டும், ஒரே படியாக இருந்தவை. எத்துணைப் பெரிய கட்டிடத்தில் வைத்தாலும், ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் காக்கப்பட்டதாகாது.

ஆகவே சிற்றூர் வரலாற்றைக் காக்க முற்படுவோர் முதலிற் செய்யவேண்டியது பெருநூல் எழுதுவதன்று, படியெடுப்பது. பழைய உறுதியை உடையவரிடமிருந்து வாங்கிச் செல்லவேண்டுவதில்லை. உடையவர் கண்முன்னே படம்பிடித்து, அதனை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தல் வேண்டும். காணி வழக்கு எழும் என்று அஞ்சி உறுதிகளைக் காட்டத் தயங்குவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே. அத்தகைய ஏடுகளை உடையவர் இசைவின்றி வெளியிடலாகாது. படிகளில் ஒன்று ஊர்ப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ இருக்கட்டும். மற்றொன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கட்டும். இன்னொன்று 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் ஆவணங்களையும் மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் போன்ற எண்ணிமத் தொகுப்பில் இருக்கட்டும்.

அடுத்தது முதியோர் வாய்மொழி. எண்பது வயதைக் கடந்த ஒருவரிடம், ‘ஊர் வரலாறு சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர் திகைப்பார், அல்லது கேட்பவர் விரும்புவதையே கூறுவார். ‘உங்கள் தகப்பனார் ஏறிய கப்பலில் எத்தனை பேர் வேலை செய்தனர்? கச்சான் காற்றுக் காலத்தில் என்ன உணவு? முதன்முதல் பஸ் வந்தபோது எங்கே நின்றது?’ என்று கேட்டால் செய்தி தானே பெருகும். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிடல் வேண்டும். முரண்பட்டால் இரண்டையும் எழுதிவைத்தல் வேண்டும். எந்த நாள், எவர் வாயிலாகக் கேட்டது என்பதையும் குறித்தல் வேண்டும். இவற்றை மேல்வகுப்பு மாணவரும் செய்தல் இயலும். பொலனறுவை மன்னர் வரிசையை மனனஞ் செய்யும் மாணவனொருவன், அம்மன்னருள் ஒருவன் தன் ஊர்த்துறைக்குச் சட்டஞ் செய்தான் என்று அறியும்போது, வரலாறு அவனுக்குப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் இராது.

மூன்றாவது, இருப்பதை இருந்தவாறு பேணல். கோயில் திருப்பணியின்போது எழுத்துள்ள கல்லைப் படிக்கட்டாக இடுதலும், கல்வெட்டின்மீது வர்ணம் பூசுதலும், பழைய கல்லறைகளைச் சமன்செய்தலும் நல்ல நோக்கத்தோடேயே நிகழ்கின்றன. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் அவற்றைத் தடுக்க இடமளிக்கின்றது. எனினும் அலுவலர் வரும்முன் கல் இடம்மாறிவிடும். எழுத்துள்ள கல் இது என்று அறிந்த ஓர் ஊரவர் அவ்விடத்தில் இருத்தலே அதற்குச் சிறந்த காவல்.

இன்று ஊர்காவற்றுறை மக்களும் அவர்தம் பிள்ளைகளும் கொழும்பிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் பரந்து வாழ்கின்றனர். சிதறல் துன்பமே. எனினும் படிகள் பல இடங்களில் இருத்தல் வேண்டும் என்னும் நெறிக்கு அது துணையாகவும் அமையலாம். ஊரிலுள்ள ஒரு சேர்விடாப்பின் படி இலண்டனில் ஒருவரிடம் இருப்பின், அவர் பாட்டியாரின் பெட்டியிலுள்ள ஒரு படத்தின் படி ஊர்ப் பாடசாலைக்கு வருதலும் கூடும்.

பராக்கிரமபாகுவின் அலுவலர் ஆணையைக் கல்லிலும் செம்பிலும் பொறித்தனர். செம்பு போயிற்று, கல் நின்றது. அவர்கள் கல்லில் மட்டும் எழுதியிருந்து கல் உடைந்திருப்பின், அல்லது செம்பில் மட்டும் எழுதி நிறுத்தியிருப்பின், ஊராத்துறையில் கலமிழந்த வணிகனுக்கு மூன்று பங்கு மீண்டது என்னும் செய்தி இன்று எவருக்கும் தெரிந்திராது. அவ்வூரில் இவ்வாண்டு வாழும் முதியவர் ஒருவர் அறிந்தது ஒரு படியாகவே உளது. அது அவர் நினைவு. இரண்டாம் படியை எழுதிக்கொள்ளும் கடமை அவர் அருகில் இருப்போரைச் சார்ந்தது.